நான் எழுதிய மனு: ஒரு மறுவாசிப்பு

2018இல் என் பெரியம்மாவுக்காக ஒரு மனு எழுதினேன். தமிழ் எம்.ஏ. படித்தவன் எழுதிய மனு, இரண்டரைப் பக்கம். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தாத்தாவில் தொடங்கி, ஆலைக் கேண்டீனில் கூட்டுகிற பெண்களுக்கென்று ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர் வரை எல்லாம் அதில் இருந்தது. மேஸ்திரி சாதிப் பேர் சொல்லிக் கூப்பிட்டது இருந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. பெருமையாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

தொழிலாளர் அலுவலகத்தில் ஓர் உதவியாளர் அதைப் பொறுமையாகத்தான் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "அதெல்லாம் சரிங்க தம்பி. எத்தனை நாள் வேலை பார்த்தாங்க? யார்கிட்ட பார்த்தாங்க?"

இந்த இரண்டு கேள்விக்கும் என் மனுவில் பதில் இல்லை. பெரியம்மா மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதற்குள் அய்ந்து கேட் பாஸ். அய்ந்திலும் வேறு வேறு கண்ட்ராக்டர் பேர். வேலை ஒன்று, இடம் ஒன்று, விளக்குமாறு ஒன்று. பேர் மட்டும் அய்ந்து.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், மூட்டை கட்டுகிற இடத்தில் சிந்துகிற சிமெண்டைக் கூட்டி அள்ளுவது அவர் வேலை. 11 வருசம் கூட்டினார். இருமல் வந்தது. நாலு நாள் போகவில்லை. அய்ந்தாம் நாள் போனபோது கேட்டில் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு "வேற ஆள் போட்டாச்சு" என்றார்கள். இவ்வளவுதான் நடந்தது. இதை நான் எழுதவில்லை. இதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தபோது எனக்கு ஒரு நாவல் ஞாபகம் வந்தது. பெரம்பலூரில் பிறந்த சிவகாமி 1989இல் வெளியிட்ட 'பழையன கழிதலும்'. அதில் காத்தமுத்து என்ற தலித் தலைவரிடம் தங்கம் என்ற பெண் அடிபட்டு வந்து சேருகிறாள். புருசனை இழந்தவள், உடையார் ஒருவரின் நிலத்தில் வேலை செய்பவள். அந்த உடையார் அவள் உடம்பையும் எடுத்துக்கொண்டவர். அவர் வீட்டு ஆட்கள் அவளை அடித்துப் போட்டிருக்கிறார்கள். காத்தமுத்து புகார் மனு எழுதுகிறார். நடந்ததை நடந்தபடி எழுதினால் போலீஸ் அவளை நடத்தை கெட்டவள் என்று தள்ளிவிடும். ஆகவே மேல்சாதித் தெரு வழியாக நடந்து போனதற்காக அடித்தார்கள் என்று மாற்றி எழுத வைக்கிறார். அந்தக் காட்சியைப் படிக்கிறபோது காத்தமுத்துவின் சாமர்த்தியம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. பிறகு உறுத்துகிறது.

இந்த நாவலைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. தலித் தலைமையின் ஆணாதிக்கத்தை எழுதினார்கள். நம்மை நாமே விமர்சிக்கிற துணிச்சலைப் பாராட்டினார்கள், திட்டினார்கள். நானும் கல்லூரியில் ஒரு கட்டுரை வாசித்தேன். ஆனால் ஒன்றை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அந்த மனுவில் தங்கம் யாராக இருக்கிறாள்? தெருவில் நடந்த தாழ்த்தப்பட்ட பெண்ணாக இருக்கிறாள். உடையார் வீட்டார் வாயில் அவள் நடத்தை கெட்டவள். உறவுக்காரர்களுக்கு அவள் விதவை. அந்த நிலத்தில் அவள் களை எடுத்தாள், நாற்று நட்டாள், கூலி வாங்கினாள் அல்லது வாங்கவில்லை. அந்த அடையாளம் எந்த மனுவுக்கும் தேவைப்படவில்லை. வேலைக்காரி என்ற முறையில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். அந்தக் கணக்கை யாரும் எழுதவில்லை.

காத்தமுத்து பொய் எழுதி வென்றார். நான் உண்மை எழுதித் தோற்றேன். ஆனால் இரண்டு பேரும் விட்ட இடம் ஒன்றுதான்.

இது என் ஒருவன் தவறு அல்ல என்று நினைக்கிறேன். நம் எழுத்தின் பழக்கமே அப்படி. இடதுசாரி நாவல்களில் தொழிலாளி வருவார், கூலி வரும், சங்கம் வரும், வேலைநிறுத்தம் வரும். ஆனால் பெரும்பாலும் அவருக்குச் சாதி இருக்காது, சேரி இருக்காது. அதைக் கண்டித்துத்தான் தலித் இலக்கியம் எழுந்தது, சரியாகவே எழுந்தது. ஆனால் நாம் சாதியை எழுத வந்த வேகத்தில் மஸ்டர் ரோலை அவர்களிடமே விட்டுவிட்டு வந்துவிட்டோம். விதிவிலக்கு இருக்கிறது. பாமாவின் 'சங்கதி'யில் (1994) தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிற சிறுமி இருக்கிறாள், ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி என்ற பொருமல் இருக்கிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் (1994) ஆரோக்கியத்துக்கு வர வேண்டிய தானியமும் சோறும் குறைந்துகொண்டே போவதுதான் கதையின் வலி. ஆனால் இந்த நூல்களை விமர்சித்த நாம் எதைப் பேசினோம்? மொழியைப் பேசினோம், உடலைப் பேசினோம், அழகியலைப் பேசினோம். கூலியைப் பேச நமக்குக் கொஞ்சம் கூச்சம். அது ஏதோ தொழிற்சங்கக்காரர் வேலை என்று ஒரு நினைப்பு.

அம்பேத்கருக்கு அந்தக் கூச்சம் இல்லை. சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று 1936இல் வாதிட்டவர், 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர் அவர். அது 1948இல் சட்டமானது. அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான் 1946இல் தொழில் நிலையாணைகள் சட்டம், அதாவது 'ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்' சட்டம் வந்தது. அது முதலாளியிடம் கேட்டது இதுதான்: உன்னிடம் வேலை செய்பவர்களை எப்படி வகைப்படுத்துகிறாய், எப்போது கூலி, எப்படி லீவு, எப்படி நீக்குவாய், எல்லாவற்றையும் எழுது. எழுதி, இங்கிலீசிலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் வாசலில் பலகை போட்டு மாட்டு.

வாயால் ஆளப்பட்டவன் எழுத்தால் ஆளப்படட்டும் என்பது பெரிய மாற்றம். பண்ணையில் எழுத்தே கிடையாது. ஆண்டை சொன்னது கூலி, ஆண்டை சொன்னது நாள்.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அரியலூருக்குப் பக்கத்தில், திருச்சி மாவட்டத்தில், கல்லக்குடி இருக்கிறது. அங்கே 1939இல் சிமெண்ட் ஆலை வந்தது, ஊர் டால்மியாபுரம் ஆனது. 1953 சூலை 15இல் ரயில் நிலையப் பலகையில் கல்லக்குடி என்றே எழுத வேண்டும் என்று கலைஞர் தலைமையில் தண்டவாளத்தில் படுத்தார்கள். தமிழ் வரலாற்றில் அது பெரிய நிகழ்ச்சி. மறுக்கவில்லை. ஊர்ப் பேர் ஊருக்கு வேண்டும். ஆனால் தமிழில் எழுதி மாட்ட வேண்டும் என்று சட்டம் சொன்ன இன்னொரு பலகை ஆலை வாசல்களுக்கெல்லாம் இருந்தது. அந்தப் பலகைக்காக நம் மொழிப்பற்று எந்தத் தண்டவாளத்தில் படுத்தது? பெரியம்மா 11 வருசம் அவர் ஆலையின் வாசலைத் தாண்டிப் போனார். "அப்படி ஒரு பலவ இருந்துச்சா பெரிம்மா?" என்று கேட்டேன். "பலவ எங்கடா கண்டேன். செருப்ப வெளிய விடுங்கிறதுதான் எழுதிருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

அந்தப் பலகையில் என்ன இருந்திருக்கும்? மாதிரி நிலையாணையின்படி தொழிலாளி ஆறு வகை: நிரந்தரம், தகுதிகாண், பதிலி, தற்காலிகம், நாள்கூலி, பயிற்சி. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்கிற ஒரு வகையையும் 2018இல் மத்திய அரசு சேர்த்தது. பெரியம்மா இதில் எதிலும் இல்லை. அவர் கண்ட்ராக்டர் ஆள். ஆலைக்குள் இருக்கிறார், ஆலையின் வகைக்குள் இல்லை.

தமிழ் படித்தவனுக்கு இது புதிய செய்தி அல்ல. தொல்காப்பியம் அகத்திணையியலைத் திறந்து பாருங்கள். அய்ந்திணை அன்பின் இடம். அதற்குள் அடியோருக்கும் வினைவலருக்கும் இடம் கிடையாது. அவர்கள் காதலிக்கக் கூடாது என்று இலக்கணம் சொல்லவில்லை. அய்ந்திணைக்குப் புறத்தே, கைக்கிளையிலும் பெருந்திணையிலும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுக்கிறது. இளம்பூரணர் காரணமும் சொல்கிறார்: பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்களால் அறம் பொருள் இன்பம் மூன்றும் வழுவாமல் நடக்க முடியாது, அவர்களுக்கு நாணம் குறைவு. அதாவது வேலை வாங்குகிறவனுக்கு ஒழுக்கம் உண்டு, வேலை செய்கிறவளுக்குத்தான் இல்லை! வகுப்பில் இதை நடத்திய அய்யா ஒரு நிமிடத்தில் தாண்டிப் போனார். தேர்வில் கேட்க மாட்டார்கள் என்றார்.

அன்றைய வினைவலரும் இன்றைய கண்ட்ராக்ட் தொழிலாளியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வகைப்படுத்துகிற முறையைச் சொல்கிறேன். வெளியே துரத்துவதில்லை. உள்ளே வேலை வாங்கிக்கொண்டு, மையம் என்று ஒன்றை வரையறுத்து, அதற்கு வெளியே நிறுத்துவது.

இப்போது சட்டத்தைப் படிப்போம். நாவலைப் படிக்கிற அதே கவனத்தோடு படிப்போம். 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புகளை நாடாளுமன்றம் 2019இலும் 2020இலும் நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. நல்லதாகச் சொல்லத்தக்கவையும் அவற்றில் உண்டு. வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். கண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் ஆலை கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதி 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. இப்போது 50 பேர் வேண்டும். நிலையாணை 100 பேர் இருந்தால் கட்டாயம் என்றிருந்தது, இப்போது 300 பேர். எண்ணிக்கை ஏற ஏற வெளியே நிற்பவர் எண்ணிக்கையும் ஏறும்.

ஆனால் நான் நிறுத்திப் படிக்கச் சொல்வது தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பில் உள்ள ஒரு வரையறையை. மையப் பணியில் கண்ட்ராக்ட் ஆள் வைக்கக் கூடாது என்பது விதி. அதற்குச் சில விலக்குகளும் உண்டு. மையப் பணி என்றால் என்ன? நிறுவனம் எதற்காக அமைக்கப்பட்டதோ அதுவும், அதற்கு இன்றியமையாததும். அது சரி. பிறகு ஒரு பட்டியல் வருகிறது. நிறுவனமே அந்த வேலைக்காக அமைக்கப்பட்டிருந்தால் தவிர, இவையெல்லாம் மையம் ஆகாது: கூட்டுதல், பெருக்குதல், தூசி தட்டுதல், எல்லாவிதக் கழிவும் அள்ளி அப்புறப்படுத்துதல். காவல். கேண்டீன். மூட்டை ஏற்றுதல் இறக்குதல். கட்டட வேலை. தோட்ட வேலை. துணி வெளுத்தல். வண்டி ஓட்டுதல். இன்னும் சில.

இந்தப் பட்டியலை எங்கள் தெருவில் வாய்விட்டுப் படியுங்கள். வீட்டுக்கு வீடு ஆள் எழுந்து வருவார்கள். பெரியம்மா கூட்டினார். அவர் மகன் மூட்டை ஏற்றுகிறான். எதிர்வீட்டுச் சித்தப்பா இரவுக் காவல். பட்டியலில் சாதிப் பேர் ஒன்றுகூட இல்லை. தேவையும் இல்லை. எந்த வேலை யாருக்கு என்பதை ஏற்கனவே வேறொரு சட்டம் எழுதி வைத்திருக்கிறது. சிந்துகிற சிமெண்டைக் கூட்டி அள்ளாமல், மூட்டையை லாரியில் ஏற்றாமல், ஒரு சிமெண்ட் ஆலை எத்தனை நாள் ஓடும்? இன்றியமையாதது என்ற சொல்லுக்கு நிகண்டில் ஒரு பொருள், சட்டத்தில் ஒரு பொருள்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1976 டிசம்பர் 9இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் அதிகாரத்துக்குட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் கூட்டுதல், துடைத்தல், காவல் ஆகிய வேலைகளுக்குக் கண்ட்ராக்ட் ஆள் வைக்கக் கூடாது என்றது. ஏர் இந்தியா வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், தடை செய்த வேலையில் இருந்த கண்ட்ராக்ட் தொழிலாளர்களை நிறுவனமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் அய்ந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள். தானாக நிரந்தரம் கிடையாது என்றார்கள், 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தார்கள். ஒப்பந்தமே வெறும் வேசம் என்று காட்ட முடிந்தால் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற வழியை மட்டும் விட்டார்கள். தடையில் தொடங்கிய விளக்குமாறு, 2020இல் விலக்குப் பட்டியலில் முதல் ஆளாய் வந்து நின்றது.

துப்புரவுப் பணியாளரை 2020இல் தமிழக அரசு தூய்மைப் பணியாளர் என்று மாற்றி அழைத்தது. நல்ல சொல்தான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு வெளியே, தங்கள் மண்டலங்களைத் தனியாரிடம் விட்டதை எதிர்த்து, அந்தத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மாநகராட்சி எதற்காக அமைக்கப்பட்டது? குப்பை அள்ளுவதற்காக இல்லையென்றால் வேறு எதற்காக? சட்டத்தின் வரையறையை வைத்தே கேட்கக்கூடிய கேள்வி இது. பேரை மாற்றிக் கொடுப்பவர்கள் பதிவேட்டில் கட்டத்தை மாற்றிக் கொடுப்பதில்லை. நாமும் பேர் கிடைத்ததும் கைதட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

லீவைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது: "லீவுங்கறது கம்பெனி ஆளுக்குடா தம்பி. நமக்கு அது வராத நாளு." எந்த இலக்கணக்காரரும் இவ்வளவு தெளிவாக வகைப்படுத்தியதில்லை. ஒரே நாள், ஒரே காய்ச்சல். ஒருவருக்கு லீவு, இன்னொருவருக்கு வராத நாள். ஆனால் அவர் வேலை பார்த்த காலத்துச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் தொழிலாளி என்றால் கண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் சேர்த்துத்தான். ஒரு வருசத்தில் 240 நாள் உழைத்தால், 20 நாளுக்கு ஒரு நாள் கூலியோடு லீவு. புதிய தொகுப்பில் 180 நாள் போதும். வருசம் 300 நாள் கூட்டியவருக்கு 15 நாள் வரும். 11 வருசத்துக்கு 165 நாள். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், அய்ந்து பண்டிகை நாள் என்று வருசத்துக்கு 9 நாள் கூலியோடு விடுமுறை தர 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. அந்த 165 நாள் கிடைத்திருந்தால் இருமலுக்கு ஆஸ்பத்திரி போயிருப்பார். நாலு நாள் படுத்ததற்கு வேலை போயிருக்காது. இதை என் மனுவில் ஒரு வரி எழுதவில்லை. எனக்குத் தெரியாது. அகத்திணையியல் தெரியும்.

இன்னொரு சட்டமும் தெரியாமல் இருந்தேன். 1981இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றியது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. ஆகவேதான் அய்ந்து கேட் பாஸ். கண்ட்ராக்டர் பேர் மாறினால் நாள் எண்ணுவது மறுபடியும் ஒன்றிலிருந்து. 'எத்தனை நாள், யார்கிட்ட' என்று அந்த உதவியாளர் கேட்டது ஏளனம் இல்லை. சட்டம் திறக்கிற இடமே அந்தக் கேள்விதான். ஆலை அதைப் புரிந்துகொண்டு பாஸ் அடித்தது. நான் புரிந்துகொள்ளாமல் இலக்கியம் எழுதினேன்.

அவமானத்தை எழுத வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிட வேண்டாம். கவிழ்த்து வைத்த டம்ளர் பொய் இல்லை. ஆனால் டம்ளரும் கேட் பாஸும் ஒரே கை வைத்தது. டம்ளரைப் பார்த்து இரக்கப்படுகிறவர்கள் நிறைய. இரக்கப்படுவதற்குச் செலவு கிடையாது. கேட் பாஸைக் கையில் எடுத்தால் 165 நாள் கூலி கொடுக்க வேண்டும். நம் விமர்சனம் எதைக் கையில் எடுக்கிறது என்பதைப் பொறுத்து அதற்கு எதிரிகள் கிடைப்பார்கள்.

சிவகாமி தன் நாவலைத் தானே குறுக்கு விசாரணை செய்து 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூல் எழுதினார். அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் என் மனுவை நான் விசாரிக்கத் துணிந்தேன். பிறகு வேறு மனு எழுதினோம். எழுதினோம் என்றுதான் சொல்ல வேண்டும். பெரியம்மா சொன்னார், நான் எழுதினேன். எந்த மேஸ்திரி எந்த வருசம், எந்தப் பொங்கலுக்குப் பிறகு பாஸ் மாறியது, கூடக் கூட்டியவர்கள் யார் யார், சூப்பர்வைசர் ஆலை ஆளா கண்ட்ராக்டர் ஆளா, தினமும் வேலை சொன்னது யார். எல்லாம் அவருக்கு மனப்பாடம். பதிவேடு அவர் தலைக்குள் இருந்தது. நான்தான் அதைக் கேட்காமல் என் தலைக்குள் இருந்ததை எழுதியிருந்தேன். அந்த மனு இன்னும் முடியவில்லை. வைப்புநிதிப் பணம் மட்டும் அலைந்து திரிந்து, கண்ட்ராக்டருக்கு ஒரு கணக்காக வந்து சேர்ந்தது.

பெரம்பலூரிலும் செயங்கொண்டத்திலும் இப்போது செருப்புக் கம்பெனிகள் என்று பேச்சு. எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் வேனில் ஏறிப் போகிறார்கள். போன மாதம் ஒரு பிள்ளை பாஸைக் காட்டியது. அதை வாங்கிப் பெரியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கம்பெனி பேரு மேல பெருசா இருக்கு. கீழ பொடியா ஒரு பேரு இருக்கு பாரு, அதப் படி முதல்ல. நாளும் எழுதி வச்சிக்க ஆத்தா. நோட்டுப் போட்டு எழுது."